பாட்டில் வந்த நீலக் கதவு

அந்தப் பாட்டை நான் முதலில் கேட்டது பதுளை பஸ் நிலையத்தில். மஹியங்கனைக்குப் புறப்பட நின்ற தனியார் பஸ்ஸின் சாரதி அதை உச்சச் சத்தத்தில் வைத்திருந்தார். தமிழ்ப் பாட்டு, நடுவில் ஒரு வரி மட்டும் சிங்களம். சாரதிக்குத் தமிழ் தெரியாது. அந்த ஒரு வரி வரும்போது மட்டும் கூடவே பாடிவிட்டு, மற்ற நேரம் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வாரம் முடிவதற்குள் பாட்டு முச்சக்கர வண்டிகளுக்கும் சலூன்களுக்கும் பரவி, என் அறைக்குக் கீழே இருக்கும் ஹாட்வெயார் கடைக்கும் வந்து சேர்ந்தது. கடைக்காரர் ஆணி நிறுத்துப் போடும்போதும் அதைத்தான் முணுமுணுத்தார்.

பாட்டைவிட அதன் வீடியோவைப் பற்றித்தான் ஊர் அதிகம் பேசியது. அதில் நடிகர்கள் கிடையாது. முழுக்க வரைந்த கார்ட்டூன் படம். ஒரு பெண் கையில் பெட்டியோடு ரயிலிலிருந்து இறங்கித் தேயிலை மலை ஏறுகிறாள். அவள் நடக்க நடக்கத் தேயிலைச் செடிகள், தூங்குகிறவர்களின் முதுகு போல, ஏறி இறங்கி மூச்சு விடுகின்றன. ஒவ்வொரு லயத்தையும், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை, கடக்கும்போது அவளுக்கு வயது குறைகிறது. பெட்டி அதே அளவில்தான் இருக்கிறது. கடைசி லயத்தின் கடைசி வீட்டுக்கு, கடைசிக் காம்பராவுக்கு, வரும்போது அவள் பெட்டியைத் தரையில் இழுத்து வரும் சிறு பிள்ளை. அங்கே ஒரு நீலக் கதவு, பக்கத்தில் கொய்யா மரம். பிள்ளை தட்டுவதற்கு முன்பே கதவு பாதி திறக்கிறது. வளையல் போட்ட ஒரு கை மட்டும் தெரிகிறது. அத்தோடு பாட்டு முடிகிறது.

கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் ஆசிரியபீடத்தில் என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. பிறர் எழுதியதில் பிழை பார்ப்பதுதான் தொழில். ஓய்வு பெறுவதற்கு முந்திய ஆண்டு மனைவி இறந்துபோனாள். பிள்ளைகள் இல்லை. ஹாலிஎலைக்கு மேலே நான் பிறந்த தோட்டத்தில் என்னைத் தெரிந்தவர்கள் யாரும் மிஞ்சாததால், பதுளை நகரத்தில் ஒரு மேல்மாடி அறையை எடுத்துக்கொண்டேன். பழைய பத்திரிகைக்கு இந்த ஊவா மாகாணத்திலிருந்து வாரம் ஒரு கட்டுரை அனுப்புவேன். அதைத் தவிர யாரோடும் பேச வேண்டிய தேவை வருவதில்லை. சில நாட்களில் மாலையில் கடையில் பாண் கேட்கும்போது குரல் கரகரக்கும். அன்றைக்கு அப்போதுதான் முதன்முதலாக வாய் திறக்கிறேன் என்று அதில் தெரியும்.

பாட்டு வந்து ஒரு மாதம் இருக்கும். பத்திரிகையின் செய்தி ஆசிரியர் எனக்குப் போன் எடுத்தார். என்னிடம் வேலை பழகியவர். இப்போது எனக்கு மேலே இருப்பவர். "அண்ணே, அந்த வீடியோ வீடு உங்க பக்கம்தானாம். ஸ்பிரிங்வெளித் தோட்டத்துல சனம் போய் நின்னு படம் எடுக்குதாம். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பருக்கு ஒரு அரைப்பக்கம் குடுங்க" என்றார். ஒரு படமும் வேண்டும் என்றார்.

கட்டுரை அடுத்த வாரத்துக்குத்தான்; சனம் கூடுகிற அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறினேன். வழி கேட்கவே தேவைப்படவில்லை. பண்டாரவளையிலிருந்து மோட்டார் சைக்கிள்களில் வந்த இளைஞர்கள் எனக்கு முன்னால் மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள்.

லயம் வெறுமையாக இருந்தது. மண்சரிவு அபாயம் என்று சொல்லி அங்கிருந்த குடும்பங்களை மலையின் மறுபக்கத்தில் கட்டிய புது வீடுகளுக்கு மாற்றியிருந்தார்கள். போனவர்கள் யன்னல்களையும் சில கூரைத் தகரங்களையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மிச்சமிருந்த கதவுகள் எல்லாம் பச்சை. கடைசிக் காம்பராவின் கதவு மட்டும் நீலம். பக்கத்தில் கொய்யா மரம். இஸ்தோப்பு, அதாவது வாசலோடு ஒட்டிய சின்ன விறாந்தை, ஈரம் காயாமல் மெழுகியிருந்தது.

அது பாட்டில் வந்த வீடுதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. காரணம் கேட்டபோது எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். தோட்டத்துக் கதவு என்றால் பச்சை. எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் பச்சை. நீலக் கதவு உள்ள லயம் இது ஒன்றுதான், ஆகவே இதைப் பார்த்துத்தான் வரைந்திருக்க வேண்டும். நானும் பச்சைக் கதவுக்குப் பின்னால் வளர்ந்தவன். அந்த நியாயம் அப்போது எனக்கும் சரியாகவே பட்டது.

வீட்டில் ஒரு பெண் தனியாக இருந்தார். கொழுந்து பறித்து ஓய்வு பெறப்போகும் வயது. என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கலாம். வந்த இளைஞர்கள் அவரை வீடியோ அம்மா என்று கூப்பிட்டார்கள். அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கதவுக்குப் பின்னால் நின்று, பாட்டின் கடைசி இசை வரும்போது, பாதி திறந்து கையை மட்டும் வெளியே காட்ட வேண்டும். அதற்கென்று வளையல் போட்டிருந்தார். போனில் பாட்டை வைத்தார்கள். ஒரு பெண்பிள்ளை பெட்டியை இழுத்து வந்தாள். கதவு திறந்தது. கை வந்தது.

"அம்மா, கொஞ்சம் மெதுவா தொறங்க. வீடியோல இவ்ளோ ஸ்பீட் இல்ல."

"வீடியோல இருக்கிறவளுக்கு மூட்டு வலி இல்லடா. எனக்கு நிக்க ஏலாது, சுருக்கா எடு" என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். திரும்ப எடுத்தார்கள்.

எடுத்து முடிந்ததும் எல்லோருக்கும் பிளேன்டீ கொடுத்தார். யாரையும் உள்ளே கூப்பிடவில்லை. அவர்களும் உள்ளே போகக் கேட்கவில்லை; அவர்களுக்குத் தேவையானது வெளிப்பக்கம்தான். இருட்டுக் கட்டி மழை வருவது தெரிந்ததும் மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக இறங்கிப் போயின. எனக்கு அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. பேப்பரிலிருந்து வந்திருக்கிறேன் என்று சொன்னதும் ஒரு கணம் யோசித்தார்.

"உள்ளுக்கு வாங்க சார். இஸ்தோப்புல இருந்தா நனைஞ்சிருவீங்க."

சாரல் உள்ளே அடித்ததால் கதவைச் சாத்தினார். அதன் உள்பக்கம் மற்ற வீடுகளைப் போலப் பச்சை. நீலம் விளிம்பைத் தாண்டி ஒரு விரலகலம் உள்ளே வந்து நின்றிருந்தது. கண் பழக்கதோஷம், பார்த்ததும் கேட்டுவிட்டேன்.

மகள் அடித்தது என்றார். தோட்டத்துக் கோயிலுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட்டைக் கேட்டு வாங்கி வந்து அடித்திருக்கிறாள். ஒரு பக்கத்துக்குத்தான் காணுமாக இருந்தது. அடுத்த முறை உள்பக்கத்தை அடிப்பதாகச் சொல்லியிருந்தாள். அதற்குள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். முதல் வீட்டில் இருந்தவரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பேசினாள். பிறகு வேறு வீட்டுக்கு மாறுவதாகச் சொன்னாள். அதன் பிறகு போன் வரவில்லை. அது நடந்து நான்கு வருடம். இவருடைய நம்பர் இன்னும் அதேதான். கேட்க வேண்டிய இடங்களில் எல்லாம் கேட்டாயிற்று. கூடப் போனவர்கள் யாரோ அவளைக் கடைத்தெருவில் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். யாரோ, இல்லை, அது வேறு ஆள் என்றிருக்கிறார்கள்.

மறுபக்கத்துப் புது வீடுகளில் இவருக்கும் ஒன்று இருந்தது. சாவியைச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்.

"அந்த வீடு அவளுக்குத் தெரியாதுல்ல. வந்து இங்கதான நிப்பா."

மழை தகரத்தில் விழுந்த சத்தத்தில் கொஞ்ச நேரம் பேச முடியவில்லை. ஓய்ந்ததும், நான் ஏன் உள்ளே அழைக்கப்பட்டேன் என்பதைச் சொன்னார். பாட்டு குவைத்திலும் ஓடுகிறதாம். நம்ம பிள்ளைகள் இருக்கிற நாட்டில் எல்லாம் ஓடுகிறதாம். பேப்பரில் கதவுப் படம் வந்தால் அது போனிலும் வருமாம். வந்து போகிற பிள்ளைகள் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் எடுக்கும் வீடியோக்களில் கைதான் வருகிறது, முகம் வருவதில்லை. வளையல் போட்ட கை யாருக்கும் இருக்கும். மகள் அந்த வளையலை அறிய மாட்டாள். அது வீடியோவுக்காகப் பக்கத்து லயத்தில் இரவல் வாங்கியது.

"என்னையும் கதவையும் சேத்து ஒரு போட்டோ போடுங்க. அது போதும்."

எடுத்தேன். மழை கழுவிய வெளிச்சத்தில் கதவைச் சாத்தி, அதற்கு முன்னால் அவரை நிறுத்தினேன். சிரிக்கவில்லை. தேசிய அடையாள அட்டைக்கு நிற்பதுபோல நின்றார்.

அறைக்கு வந்து எழுதுவதற்கு முன் வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பிழைபார்க்கிறவன் பார்க்கிற விதத்தில், நிறுத்தி நிறுத்தி. கதவும் மரமும் ஒத்துப்போயின. ஆனால் அந்தப் பெண் ரயிலிலிருந்து இறங்கி நேராக மலை ஏறுகிறாள்; பின்னால் பள்ளத்தாக்கில் ரயில் போய்க்கொண்டே இருக்கிறது. ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் ரயில் பாதை இல்லை. ஹாலிஎலையில் இருக்கிறது, தெமோதரையில் இருக்கிறது. இங்கே இல்லை.

படத்தை வரைந்தவரின் போன் இலக்கத்தைத் தேடிப் பிடிக்க இரண்டு நாள் ஆனது. கொழும்பில் இருந்த ஓர் இளைஞர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். மரியாதையாகப் பேசினார்.

"அது ஒரு இடமும் இல்லை அங்கிள். நெட்டில கிடந்த கனக்கப் படங்களைப் பாத்துச் சேத்து வரைஞ்சது. நான் ஒருக்கா ஸ்கூல் ட்ரிப்பில நுவரெலியா வந்தனான், அவ்வளவுதான்."

கதவு ஏன் நீலம் என்று கேட்டேன்.

"முழுக்கப் பச்சையாக் கிடந்தது. எடுப்பாத் தெரியோணும் எண்டு நீலம் போட்டனான்."

ரயில்? பாட்டில் ஒரு விசில் சத்தம் இருந்ததாம், அதற்காக ரயில். அவர் சொன்னதை எழுதிக்கொண்டேன். கொய்யா மரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அதற்கும் அப்படியொரு காரணம்தான் இருந்திருக்கும்.

கட்டுரையை அன்றே அனுப்பியிருக்கலாம். மறுநாள் திரும்பவும் பஸ் ஏறினேன். வார நாள், அதனால் படம் எடுக்க யாரும் வந்திருக்கவில்லை. அவர் அப்போதுதான் மலையிலிருந்து இறங்கியிருந்தார். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. வரைந்தவர் சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னேன். படங்கை அவிழ்த்து உதறிக் கொடியில் போட்டார்.

"அது மொத நாளே தெரியும் சார். அதுல ரயிலு ஓடுது. நான் பொறந்ததுல இருந்து இங்கதான் இருக்கேன், ரயிலப் பாக்கணும்னா பதுளைக்கில்ல போகணும்."

பிறகு ஏன் யாருக்கும் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. அவரே தொடர்ந்தார். பாட்டு வருவதற்கு முன் அந்த இஸ்தோப்புக்கு வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் வீட்டை விட்டுப் போகச் சொல்ல வந்தவர், மற்றவர் மின்சார மீட்டர் பார்க்க வந்தவர். பாட்டு பொய்யாக இருந்தாலும் பிள்ளைகள் வந்து நிற்பது நிஜம்தானே. அவர்கள் எடுப்பதை யாராவது ஒருத்தியின் போனில் மகளும் பார்க்கமாட்டாளா.

இது அந்த வீடு இல்லை என்று நான் எழுதத்தான் வேண்டும் என்றேன். எழுதினால் ஆட்கள் வருவது குறையலாம் என்பதையும் சொன்னேன்.

"உண்மைய எழுதுங்க. கதவ மட்டும் போடுங்க."

அப்படியே எழுதினேன். வீடியோவில் வரும் வீடு எங்கும் இல்லை என்பதை முதல் பந்தியிலேயே வைத்தேன். இரண்டாவது பந்தியில் ஸ்பிரிங்வெளியில் ஒரு நீலக் கதவு இருப்பதையும், அதை அடித்த மகள் குவைத்துக்குப் போனதையும், தாய் இன்னும் அங்கேயே இருப்பதையும் எழுதினேன். பின்னால் தள்ளிய பந்தியை இடம் போதாவிட்டால் வெட்டுவார்கள். எத்தனையோ பேரின் கடைசிப் பந்தியை நானே வெட்டியிருக்கிறேன். படத்துக்குக் கீழே போட வேண்டிய வரியையும் நானே எழுதி, மாற்ற வேண்டாம் என்று போனில் சொன்னேன். மாற்றவில்லை. ஞாயிறன்று அச்சில் வந்தது. மாலையில் பத்திரிகையின் இணையப் பக்கத்திலும் போட்டார்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நான் மேலே போனேன். கட்டுரைக்குக் கீழே ஆட்கள் எழுதுவதை வாசித்துக் காட்டச் சொல்லி அவர்தான் கேட்டார். அவருடைய போன் பேசுவதற்கு மட்டும் ஆனது. என்னை சார் என்பது எப்போது அண்ணே ஆனதென்று நினைவில்லை.

நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். தங்கள் வீடும் இப்படித்தான் என்று டோஹாவிலிருந்தும் துபாயிலிருந்தும் எழுதினார்கள். டூப்ளிகேட் வீடு என்று சிலர் கேலி செய்தார்கள். இந்தக் கதவுக்கு ஒரு விசா எடுத்துக் கொடுங்கள், பக்கத்தில் வைத்துக்கொள்கிறோம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைக் கேட்டு இவர் சிரித்தார். ஒருத்தி, கதவைப் பார்த்து அழுதுவிட்டேன், மேடம் கூப்பிடுகிறார், போகிறேன் என்று எழுதியிருந்தாள். அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். நான் அவள் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். இரண்டு பிள்ளைகளின் தாய், ஹட்டன் பக்கம். படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுவும் ஒரு தாய்க்குப் புள்ளதான். சரி, அடுத்தத வாசிங்க."

நான் சொன்னபடியே ஆட்கள் குறைந்தார்கள். கட்டுரை ஒரு காரணம். பாட்டும் பழசாகிக்கொண்டு வந்தது. மஹியங்கனை பஸ்ஸில் வேறு பாட்டு வந்துவிட்டது. ஒரு ஞாயிறு இரண்டு மோட்டார் சைக்கிள்கள், அடுத்த ஞாயிறு ஒன்று. அதற்கடுத்த ஞாயிறு நான் மட்டும். அன்றைக்கும் இஸ்தோப்பு மெழுகியிருந்தது. இரவல் வளையலைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

கட்டுரைக்குக் கீழே எழுதுவதும் நின்றுவிட்டது. ஆனாலும் பஸ் ஏறுவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போவேன். அப்படிப் பார்த்த ஒரு காலையில் புதிதாக ஒன்று இருந்தது. முகப்படத்தில் ஒரு பூ. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள் சில, வாசித்தால் எதுவும் ஆகாதவை. எழுதியிருந்தது இரண்டு சொற்கள்.

உள்பக்கம் பச்சை.

கட்டுரையை எடுத்து முதலிலிருந்து வாசித்தேன். உள்பக்கத்தைப் பற்றி நான் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. படத்தில் கதவு சாத்தியிருந்தது. வந்த இளைஞர்கள் யாரும் உள்ளே போனதில்லை. கதவு திறந்திருக்கும்போது பச்சைப் பக்கம் சுவரோடு ஒட்டி மறைந்துவிடும். உள்ளே இருந்து கதவைச் சாத்தியவர்களுக்குத்தான் அது தெரியும். அப்படிப் பார்த்தால் அந்த லயத்தில் குடியிருந்து மறுபக்கம் போன குடும்பங்களுக்கும் தெரியும். அவர்கள் பிள்ளைகளில் யாராவது விளையாட்டாக எழுதியிருக்கலாம். ஒரே ஒரு இடத்திலிருந்து வந்த தகவலைச் செய்தியாகப் போடக்கூடாது என்று புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் சொல்லிவந்தவன். அந்தப் பூப்படத்துக்கு, நீங்கள் யார் என்று கேட்டு எழுதினேன். பதில் இல்லை. பஸ் வந்தது.

அவரிடம், உள்ளதை உள்ளபடி வாசித்தேன். வேறொன்றும் சேர்க்கவில்லை. திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். எங்கிருந்து எழுதியது என்று தெரியுமா என்றார். தெரியாது என்றேன். பழைய அயலவர்களும் எழுதியிருக்கலாம் என்பதையும் சொன்னேன். அதை அவர் மறுக்கவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தி, அதன் உள்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தார், புதிதாகப் பார்ப்பதுபோல.

"அதுக்குக் கீழ நாம எழுத ஏலுமா அண்ணே?"

ஏலும் என்றேன்.

"வெளிய உள்ள நீலம் உரியுது, வந்து அடின்னு எழுதுங்க."

எழுதினேன். அம்மா என்று போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அவளுக்குத் தெரியும் என்றார்.

பதில் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. நான் வாசித்து முடித்துப் போனைச் சட்டைப் பையில் வைக்கப்போன நேரத்தில், பதுளையில் அந்த நீலம் கிடைக்குமா என்று கேட்டார். என் அறைக்குக் கீழேயே ஹாட்வெயார் கடை என்றேன்.

கடைக்காரர் எந்த நீலம் என்று கேட்டு வர்ண அட்டையை விரித்தார். அவருக்கும் கதவு தெரியும். வீடியோவின் கடைசிக் காட்சியைத் தன் போனில் எடுத்து அட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். நான் எடுத்த போட்டோவை அதன் பக்கத்தில் வைத்தேன். இரண்டையும் அதுவரை அருகருகே வைத்துப் பார்த்ததில்லை. வீடியோ நீலம் பளிச்சென்றிருந்தது. ஸ்பிரிங்வெளிக் கதவு அதைவிட மங்கல், சாம்பல் கலந்தது. இரண்டும் ஒன்று என்று ஒரு மாகாணமே நம்பியிருந்தது. மங்கலுக்குப் பொருந்தியதில் சின்ன டின் ஒன்று வாங்கினேன். ஒரு தூரிகையும்.

அடுத்த ஞாயிறு கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன். மூடியில் இருந்த வர்ணத்தைப் பார்த்து, இதுதான் என்றார். திறக்கவில்லை. அடிக்கட்டுமா என்று கேட்டதற்கு, அவள் வந்து அடிக்கட்டும் என்று சொல்லி, சாமிப்படத்துக்குக் கீழே, புது வீட்டுச் சாவி இருந்த பக்கமாக வைத்தார். தூரிகையைப் பேப்பரில் சுற்றி டின்னின் மேல் வைத்தார்.

அன்றைக்கும் பூப்படத்திடமிருந்து ஒன்றும் வந்திருக்கவில்லை. வாசிக்க எதுவும் இல்லை என்றேன். பரவாயில்லை, டீ குடித்துவிட்டுப் போங்கள் என்றார். காற்று கிளம்பியதால் கதவைச் சாத்தினார். பச்சைப் பக்கத்தைப் பார்த்தபடி இருவரும் குடித்தோம்.